எல்லாருக்கும் கஞ்சி

தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியார் சதாசிவம் எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டார் என்று சுங்கை லாலாங் வட்டாரம் முழுக்கப் பெயர் வாங்கியவர். அப்படிப்பட்ட மனிதர் காலங்காலையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பழத்தைப் பார்த்ததுமே எனக்கு இரண்டு விஷயம் விளங்கிவிட்டது. ஆசாமி பெரிய வம்பில் மாட்டியிருக்கிறார். எனக்கு இன்று பசியாற ஏதோ இருக்கிறது.

எங்கள் வாசல் என்றால், சுங்கை பட்டாணி பாசாருக்குப் பின்னால் பிரிஜெட் அக்கா குடியிருந்த பலகை வீட்டின் வாசல். ஜப்பான் சண்டைக்கு முன்னால் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ஊரார் பேச்சையெல்லாம் காதில் குழாய் மாட்டிக் கேட்டுக் கேட்டு, ஒருவன் ஹலோ சொல்கிற தினுசிலேயே அவன் கடன் கேட்கிறானா பெண் கேட்கிறானா என்று சொல்லிவிடுவார். ஜப்பான்காரன் வந்து வேலை போன பிறகு, காணாமல் போன ஆடு, நகை, மருமகன் என்று தேடிக் கொடுத்துக் காலம் தள்ளினார். நான் மணியம், அவருடைய உதவியாள். மூளை அக்காவுடையது, முழங்கால் என்னுடையது. சைக்கிள் மிதிப்பது நான்தான்.

"பிரிஜெட்டம்மா, என் தலை போயிடும்போல இருக்கு," என்றார் கிராணியார்.

"இன்னும் கழுத்து மேலதானே இருக்கு? உக்காருங்க," என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை வாழைப்பழத்தால் அடைத்துக்கொண்டேன்.

கிராணியார் விஷயத்துக்கு வந்தார். வெள்ளைக்கார துரை ஓடிப்போனதிலிருந்து ஏழாங்கட்டைத் தோட்டத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஜப்பான் கல்வி அதிகாரி ஒருவர் வந்தாராம். கண்ணாடி போட்டவர், கத்திப் பேசுகிறவர்.

"பிள்ளைங்க எல்லாருக்கும் கஞ்சி குடுக்கணும்னு உத்தரவு போட்டாரும்மா. அன்னியிலேருந்து தோட்டத்து ஸ்டோர் அரிசியில கஞ்சி காய்ச்சி ஊத்திக்கிட்டிருக்கேன். நேத்துதான் பக்கத்துத் தோட்டத்து ராமையா கிராணிகிட்டக் கேட்டேன். அங்க கஞ்சி கிடையாது. எந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலயும் கிடையாதாம்!"

அது சின்ன விஷயம் இல்லை. அப்போது வேலைக்குப் போகிற ஆளுக்குத்தான் அரிசி. வேலை செய்யாத வாய்க்கு மரவள்ளிக் கிழங்கு, அதுவும் கிடைத்தால். பிள்ளைகளுக்கு அரிசி போட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"அதே அதிகாரி நாளைக் காலையில திரும்ப வர்றாரு," என்றார் கிராணியார். "உத்தரவே இல்லாம அரிசியைக் கரைச்சேன்னு தெரிஞ்சா என்னைக் கெம்பெத்தாய் போலீஸ்காரன் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவான்."

"உத்தரவை யார் தமிழ்ல சொன்னது?" என்று அக்கா கேட்டார்.

"அய்யாவு வாத்தியார். அவர்தான் டவுன்ல ஜப்பான்காரன் நடத்துற நிப்பொன் பாஷை கிளாசுக்குப் போய் வந்தவரு."

"அப்ப அவர் பொய் சொல்லியிருப்பாரு."

"அங்கதாம்மா சிக்கல்! அதிகாரி கஞ்சின்னு சொன்னதை என் ரெண்டு காதாலயும் கேட்டேனே. மின்னா கஞ்சி, மின்னா கஞ்சின்னு தொண்டை கிழியக் கத்துனாரு. எனக்கு நிப்பொன் பேச்சு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனா கஞ்சி தெரியாமப் போகுமா?"

அக்கா குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் குடையை எடுத்தால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

"ஜப்பான்காரருக்கு நம்ம கஞ்சி எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும். வரும்போது பாலம் வழியா வராதீங்க, இன்னிக்குக் காலையில மூடிட்டாங்க. சந்தியில போர்டு போட்டிருக்கு. மலாய்க்காரங்க கம்பத்து வழியா சுத்தி வாங்க." சொல்லிவிட்டு மீதிப் பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். நான் முன்னால் சொன்னேனே, காக்காய்.

கெடா முழுக்கக் கித்தா மரம், அதாவது ரப்பர். பால் வாளி வாளியாக இறங்குகிறது. ஆனால் என் சைக்கிளுக்கு டயர் கிடையாது. தண்ணீர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டி ஓட்டினேன். பின்னால் குடை பிடித்து உட்கார்ந்திருந்த அக்கா ஒவ்வொரு குழிக்கும் ஒரு புனிதரின் பெயரைச் சொன்னார். மாரியம்மன் கோயில் பிரசாதத்தில் வளர்ந்த எனக்கே சந்தி வருவதற்குள் பாதி புனிதர்கள் பழக்கமாகிவிட்டார்கள்.

"அக்கா, வாத்தியார் பொய் சொல்லியிருந்தா?"

"அவர் தலை போகும்."

"சொல்லலன்னா?"

"கிராணியார் தலை. யார் தலை போனாலும் பிள்ளைங்க கஞ்சிப் பானை கவுந்திடும், மணியம்."

சந்தியில் ஜப்பான் சிப்பாய் காவல் நின்றான். இறங்கிக் குனிந்து கும்பிட்டோம். கும்பிடாத கன்னம் பழுத்துவிடும். அவன் பக்கத்தில் ஒரு புதுப் பலகை, பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. தமிழோ மலாயோ இங்கிலீஷோ ஒரு எழுத்து இல்லை. எல்லாம் கோழி கிளறிய மாதிரி இருந்தது. எதிரே மளிகைக் கடைச் சீன முதலாளி ஆ லியோங் தவுக்கே, உதடு அசைய அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மணியம், அதுல என்ன எழுதியிருக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏன்க்கா சைக்கிள் மிதிக்கிறேன்?"

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றார் அக்கா. ஆனால் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடம் என்பது தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக் கோடியில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை. நாங்கள் போனபோது கஞ்சி நேரம். பிள்ளைகள் மங்குக் கிண்ணமும் கையுமாக வரிசையில் நின்றார்கள். கஞ்சி காய்ச்சுகிற காளியம்மா அகப்பையால் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றினார் என்பதுகூடத் தப்பு. அள்ளி வைத்தார். அகப்பையைப் பானையில் நட்டுவிட்டு முந்தானையில் கை துடைத்தார், அகப்பை சாயாமல் நின்றது. நான் எச்சில் விழுங்கிய சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு," என்றார்.

"நானும் மூணாங்கிளாஸ் பாதி வரைக்கும் பிள்ளைதான்க்கா."

"மீதிப் பாதியைப் படிச்சிட்டு வா," என்றார் காளியம்மா. எனக்குச் சமமாக வாயாடுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். "இதுங்கள்ல பாதிக்கு அப்பன் ஜப்பான்காரனுக்கு சயாம் ரயிலு பாதை போடப் போயிட்டான். திரும்பி ஒருத்தனும் வரல. சம்பாதிக்கிற ஆள் இல்லாத வீட்டுக்கு அரிசியும் இல்ல. இந்த மங்குதான் இதுங்களுக்குச் சோறு."

அதற்குப் பிறகு எனக்குப் பசிக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு.

அய்யாவு வாத்தியார் எலும்பும் தோலுமாக இருந்தார். பானையின் பக்கமே வராமல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நேராகவே கேட்டார்: "வாத்தியாரே, அந்த அதிகாரி என்ன சொன்னாரு? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"மின்னா நி கஞ்சி. மின்னான்னா எல்லாரும். எல்லாருக்கும் கஞ்சி."

"கஞ்சிக்கு அங்கயும் கஞ்சிதானா?"

"ஆமா மிஸ்ஸி. நம்ம தமிழ் எங்கதான் போகல? கப்பலேறி அங்கயும் போயிருக்கு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அக்காவோ அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்த மாதிரி. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"பெருமையா இருக்குல்லக்கா?"

"கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னப்ப குரல் ஒரு கட்டையில இருந்துச்சு. தமிழ் கப்பலேறினப்ப ரெண்டு கட்டை ஏறிடுச்சு. சைக்கிளைத் திருப்பு. தவுக்கேயைப் பார்க்கணும்."

ஆ லியோங் தவுக்கே எங்களுக்கு ஆளுக்கொரு கோப்பை வெறும் வெந்நீர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அதுவே உபசாரம்.

"தவுக்கே, நீங்க நிப்பொன் பாஷை படிப்பீங்களா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"தா போலே லா, முடியாது," என்றார் அவர், பாதி மலாயும் பாதித் தமிழுமாக. "பேச்சு தெரியாது. ஆனா அந்த போர்டு பாதி எங்க சீன எழுத்து. ஜெப்பூன்காரன் எங்ககிட்ட வாங்கிக்கிட்டான். ஜம்பாத்தான், பாலம்னு போட்டிருக்கு. போகக்கூடாதுன்னு போட்டிருக்கு. இன்னிக்கு விடியறப்ப ஆணியடிச்சான்."

"உங்க எழுத்துக்கு அவங்க என்ன பேர் வெச்சிருக்காங்க?"

தவுக்கே எதிரே சந்தியில் நின்ற சிப்பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "கஞ்சி."

வெந்நீர் எனக்குப் புரையேறிவிட்டது.

"என்னது?"

"கஞ்சி லா. சின்ன எழுத்துக்கு வேற பேரு. இந்தப் பெரிய எழுத்துக்குப் பேரு கஞ்சி. டவுன் கிளாஸ்ல எங்களையும் உக்கார வெச்சுச் சொன்னான்."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அதிகாரி வாசலில் நின்று, பிள்ளைகள் எல்லாருக்கும் பெரிய எழுத்துச் சொல்லிக்கொடு என்று கத்தியிருக்கிறார். தோட்டமே பானையைத் தூக்கி அடுப்பில் வைத்திருக்கிறது. நாளைக் காலையில் அவர் வந்து, எங்கே கஞ்சி என்று கேட்பார். நம் ஆட்கள் மங்கை நீட்டுவார்கள்.

"அக்கா, எழுத்தைக் கேட்டா இவங்க சோத்தைப் போட்டிருக்காங்களே!"

"சத்தம் போடாத. மிதி."

இந்தத் தடவை அக்கா புனிதர்களைக் கூப்பிடவில்லை. சைக்கிளை விட்டு இறங்கி நேரே கொட்டகைக்குள் போனார். பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"வாத்தியாரே, நிப்பொன் கிளாசுக்குப் போய் வந்தவர் நீங்க. கஞ்சின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

வாத்தியார் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார். மறுக்கவில்லை.

"தெரியும் மிஸ்ஸி. அன்னிக்குக் காலையில அதிகாரி முன்னாடி தேகப்பயிற்சி நடந்துச்சு. சந்திரான்னு ஒரு பொண்ணு தடால்னு விழுந்துட்டா. பசி. அந்தாளு அவளைத் தாண்டி வந்து நின்னுக்கிட்டு, ஏன் இன்னும் கஞ்சி சொல்லித்தரலன்னு என்னைக் கத்துறான். எனக்கு வாயே வரல. அப்ப கிராணியார்தான் பக்கத்துல வந்து, 'என்னய்யா, கஞ்சியா? எல்லாருக்குமா?'ன்னு கேட்டாரு. நான் ஆமான்னேன். அவ்வளவுதான். அந்த ஒரு ஆமாவை அப்புறம் திரும்ப வாங்கிக்க மனசு வரல."

"அப்புறம் எழுத்துச் சொல்லிக்குடுத்திருக்கலாமே?"

"நான் எழுத்தைச் சொல்லிக்குடுத்தா, கஞ்சின்னா இதுதான்னு பிள்ளைங்க வீட்டுல போய்ச் சொல்லும். கிராணியார் காதுக்குப் போகும். கஞ்சி நின்னுடும். நாளைக்கு என்னைக் கொண்டுபோகட்டும் மிஸ்ஸி. ரெண்டு மாசம் சாப்பிட்டிருக்குங்க."

அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் கரித்தது. அதை மறைக்க, "அடுப்புப் புகை," என்றேன். அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது.

அக்காவின் காதில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பிறகு குடையால் கரும்பலகையைத் தட்டினார்.

"முதல்ல கேட்டது யாரு, கிராணியாரா? சரி, அதை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப பிள்ளைங்களைக் கூப்பிடுங்க. பொழுது சாயறதுக்குள்ள எத்தனை எழுத்து சொல்லிக்குடுக்க முடியும்?"

"கிராணியாருக்குத் தெரிஞ்சிட்டா?"

"எழுத்துக்குப் பேரைச் சொல்லாதீங்க. நிப்பொன் படம்னு சொல்லுங்க."

அய்யாவு வாத்தியார் கெட்டிக்காரர். கரும்பலகையில் மூன்று கோடு நெட்டாக இழுத்து, இது ஆறு என்றார். கீழே ஒரு கோடு சேர்த்து நடுக்கோட்டை உயர்த்தினார், இது நம்ம ஜெராய் மலை. நெட்டுக்கோடு, குறுக்குக்கோடு, இரண்டு பக்கமும் சாய்ந்த கிளை, இது மரம். மரத்தின் தலையில் இரண்டு மணி வைத்தார்.

"இது அரிசி."

பிள்ளைகள் கப்சிப் என்று பார்த்தார்கள். பிறகு சிலேட்டுக் குச்சிகள் கீச்சிட்டன. மற்ற எழுத்துகளில் கை தடுமாறிய பொடியன்கூட அரிசியைத் தப்பாமல் எழுதினான். நானும் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதிப் பார்த்தேன். என் ஆறு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் விறகு வெட்டும் ஆளாகவும், அக்கா காளியம்மாவுக்குக் கையுதவி செய்யும் ஆளாகவும் வேஷம் போட்டிருந்தோம். மோட்டார் வந்து நின்றது. கிராணியார் இடுப்பு ஒடியக் குனிந்தார். கண்ணாடி அதிகாரி பூட்ஸ் சத்தத்தோடு உள்ளே போய் ஒரே வார்த்தை சொன்னார்.

"கஞ்சி!"

வாத்தியார் கை காட்டினார். எல்லாப் பிள்ளையும் சிலேட்டை உயர்த்திப் பிடித்தது. ஆறு, மலை, மரம், அரிசி. அதிகாரி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். சந்திராவின் சிலேட்டில் அரிசி எழுத்து மட்டும் பக்கம் முழுக்க இருந்தது. அதைப் பார்த்து அவர் தலையை ஆட்டினார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

மீதிப் பாதி வருவதற்குள் மனிதர் மூக்கை உறிஞ்சினார். கொதிக்கிற கஞ்சிக்கு வாயில்லை, ஆனால் வாசம் உண்டே. விறுவிறுவென்று பின்பக்கம் வந்து பானையைக் காட்டிக் காளியம்மாவிடம் ஏதோ அதட்டினார்.

காளியம்மாவுக்குத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். அகப்பையைப் பிடித்தபடி நிமிர்ந்து, உள்ளதைச் சொன்னார்.

"கஞ்சி!"

வாத்தியார் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நான் கோடரியைக் கீழே வைத்தேன். அக்காவின் உதடு மட்டும் அசைந்தது; எந்தப் புனிதரோ.

அதிகாரி காளியம்மாவைப் பார்த்தார், சிலேட்டுகளைப் பார்த்தார், திரும்பக் காளியம்மாவைப் பார்த்தார். பிறகு குபீரென்று சிரித்துவிட்டார். அடுப்படிக் கிழவிக்குக்கூட எழுத்து மேல் இத்தனை ஆசையா என்று நினைத்திருப்பார் போலும். கையை அகல விரித்தார்.

"மின்னா! மொத்தோ! மொத்தோ கஞ்சி!"

மோட்டார் கிளம்பிப் போனது. வாத்தியார் என் காதருகே, "மொத்தோன்னா இன்னும். இன்னும் நிறைய எழுத்து சொல்லிக்குடுக்கணுமாம்," என்றார்.

அதற்குள் கிராணியார் சதாசிவத்தின் குரல் லயம் வரைக்கும் கேட்டது.

"எல்லாரும் கேட்டீங்களா? மொத்தக் கஞ்சின்னு உத்தரவாயிடுச்சு! மொத்தம்னா பள்ளிக்கூடம் மட்டுமில்ல, ஆயா பார்த்துக்கிற ஆயக்கொட்டகையில இருக்கிற சின்னதுங்களும் சேர்ந்துதான். காளியம்மா, பெரிய பானையை ஏத்து!"

எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்படியும் ஒரு அப்பாவியா! அக்காவோ குடையை ஊன்றிக்கொண்டு அவரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"கிராணியாரே, நேத்து காலையில பாலத்தை மூடிட்டாங்கன்னு சொன்னீங்களே, யார் சொன்னா?"

"அதான், போர்டுல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"அந்த போர்டு முழுக்க நிப்பொன் எழுத்து. பாலம்னு போட்டிருக்கிறது பெரிய எழுத்துல. ஒரு எழுத்துக்கூடத் தெரியாதவர் அதை எப்படிப் படிச்சீங்க?" அக்கா நிதானமாகச் சொன்னார். "அப்புறம் இந்தக் கஞ்சி. உத்தரவுக்குப் பயந்து காய்ச்சுற கஞ்சி தண்ணியா இருக்கும், அய்யா. அதுவும் உங்க கைக்கு. இதுல அகப்பை நட்டுக்கிட்டு நிக்குது. வாத்தியார் பொய் சொல்லல. கஞ்சியான்னு முதல்ல கேட்டு, அவர் வாயில அந்த ஆமாவை வெச்சது நீங்கதான்."

கிராணியார் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"டவுன் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல நானும் உக்காந்திருந்தேன். வாத்தியாருக்குத் தெரியாது."

"அப்ப ஏன் எங்களைக் கூப்பிட்டீங்க?" இது நான்.

"அவரு எழுத்து சொல்லிக்குடுக்காம உக்காந்திருந்தாரு. நான் போய் சொல்லிக்குடுய்யான்னு சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதாயிடும். ஒருத்தன் காதுல தப்பா விழுந்தா முட்டாள்னு ரெண்டு அறையோட விட்டுடுவான். ரெண்டு பேர் பேசிவெச்சு செஞ்சா விடமாட்டான். நடுவுல வெளியாள் ஒருத்தர் வேணும்னு தோணுச்சு."

"எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு நீங்க," என்றேன். எனக்கு வாய் அடங்காது.

அவர் கோபப்படவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இதுங்க அப்பன்மாரை எல்லாம் காலையில பேர் கூப்பிடுற பெரட்டு வரிசையில நிறுத்தி சயாம் லோரியில ஏத்துனது நான்தான் தம்பி. பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏத்துனேன். ஏத்தலன்னா என்னை ஏத்தியிருப்பான். இதுங்க மூஞ்சியைப் பார்த்து எப்படி நான் தண்ணிக் கஞ்சி ஊத்துறது?"

அக்கா அவர் கையை லேசாகத் தொட்டார், அவ்வளவுதான். கிராணியார் மூக்கைச் சிந்திவிட்டு, ஸ்டோரைத் திறக்கப் போனார்.

பெரிய பானை இறங்கியது. ஆயக்கொட்டகைக் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்காமார் வந்து நின்றார்கள். வரிசையின் கடைசியில் நான் நைசாக ஒரு மங்கோடு நின்றேன்.

காளியம்மா அகப்பையை நிறுத்தினார். "எழுத்து தெரிஞ்சவங்களுக்குத்தான் கஞ்சி. எழுதிக்காட்டு."

விறகுச் சிராயால் மண்ணில் எழுதினேன். நெட்டுக்கோடு, குறுக்குக்கோடு, இரண்டு பக்கமும் கிளை. பின்னால் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன.

"அண்ணே, அது மரம்!" என்றாள் சந்திரா.

"மரத்தையே தின்னு," என்றார் காளியம்மா.

அக்கா என்னைத் தாண்டி வந்தார். குடை நுனியால் என் மரத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார், பக்கத்தில் இன்னொரு புள்ளி.

"மொத்தக் கஞ்சி, காளியம்மா. இவனும் மொத்தத்துலதான் இருக்கான்," என்றார்.

என் மங்கில் அகப்பை இறங்கியது. தண்ணீர் இல்லை, கெட்டிக் கஞ்சி.